உங்கள் வாசல் உயர்ந்தால் எங்கள் வாசலில் தண்ணீர்

வெள்ளம் என்றால் சென்னை, கடலூர் என்றுதான் எல்லோருக்கும் நினைப்பு. "சேலத்துல வெள்ளமா? அங்க குடிக்கவே தண்ணி இல்லன்னு சொல்லுவீங்களே" என்று வெளியூர் சொந்தக்காரர்கள் இன்றும் கேட்கிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஊருக்குள் ஓடும் திருமணிமுத்தாற்றைப் பெரும்பாலான நாள் பார்த்தால் சாக்கடை என்றுதான் நினைப்பார்கள். ஆனால் அது பிறக்கும் இடம் சேர்வராயன் மலை. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து 1500 மீட்டர் உயரம், சேலம் 300 மீட்டருக்கும் கீழே. இடையில் இருப்பது செங்குத்தான சரிவு. மலையில் பெய்தது அதே நாளில் எங்கள் தலைமாட்டுக்கு வந்துவிடும்.

நாங்கள் இருப்பது கிச்சிப்பாளையம், அம்மாப்பேட்டை பக்கத்தில் ஒரு தாழ்வான பகுதி. திருமணிமுத்தாற்றில் போய்ச் சேரும் ஓடை ஒன்று தெருக்கோடியில் போகிறது. வீட்டுக்காரருக்குத் தறி வேலை. நான் மெயின் ரோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஒவ்வொரு மழைக்கும் மறுநாள் ஊறிப்போன ரேஷன் கார்டும் பத்திரமும் முதலில் வந்து சேர்வது என் கடைக்குத்தான். அதனால் இந்தப் பகுதியில் யார் வீட்டில் எவ்வளவு தண்ணீர் ஏறியது என்ற கணக்கு எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே தெரியும்.

எங்கள் தெருவுக்குத் தண்ணீர் மூன்று வழியாக வரும். வாசல் வழியாக வருவதைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். அதற்கு முன்பே கழிவறைப் பேசின் வழியாகவும், குளியலறைத் தண்ணீர் போகும் ஓட்டை வழியாகவும் சாக்கடை எதிர்த்து ஏறிவிடும். வாசலில் மூட்டை அடுக்கிவிட்டு நிம்மதியாகத் திரும்பினால் பின்கட்டில் கணுக்கால் அளவு நிற்கும். மூன்றாவது வழி தறிக்குழி. குழித்தறி பார்த்தவர்களுக்குத் தெரியும்: கால் மிதிக்கும் பலகைகள் தரைக்குக் கீழே குழிக்குள் இருக்கும், நெய்பவர் விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டு மிதிப்பார். தெரு நனையும் முன்பே குழியில் ஊற்று எடுத்துவிடும். குழி ஊறினால் பக்கச் சுவர் சரியும், மிதிப்பலகை உப்பும், ஈரம் வற்றித் தறி மறுபடி ஓட வாரக்கணக்கில் ஆகும். மேலே பூட்டியிருக்கும் பட்டுப் பாவில், அதாவது நீளவாக்கில் ஓடும் நூலில், சேற்றுத்தண்ணீர் பட்டால் கூலி போவதோடு முடியாது. பாவு கொடுத்தவருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

இதற்கெல்லாம் ஒவ்வொரு வீடும் தனித்தனியாகத்தான் வழி தேடியது. கையில் காசு சேர்ந்தவர் வாசலை இரண்டு படி உயர்த்தினார். அவர் உயர்த்தியதும் எதிர் வீட்டுக்குத் தண்ணீர் போனது, அவரும் உயர்த்தினார். வண்டி ஏற்றுவதற்குச் சாக்கடை மேல் சிமெண்ட் சாய்தளம் போட்டார்கள். அதன் கீழே குப்பை அடைத்துக்கொண்டால் எடுக்கவே வழியில்லை. நடுவில் ரோடு போடும்போது பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலேயே போட்டதில் ரோடும் உயர்ந்தது. கடைசியில் உயர்த்த வசதியில்லாத ஏழெட்டு ஓட்டு வீடுகள் தெருவின் மொத்தத் தண்ணீரையும் வாங்கிக்கொண்டன. அதில் எங்கள் வீடும் ஒன்று.

மேல் தெருவோடு சண்டை வந்ததும் இதே கதையால்தான். ஒரு ஐப்பசி ராத்திரி அங்கே முழங்கால் அளவு தேங்கியதும், ஆட்கள் சேர்ந்து ரோட்டைக் குறுக்கே வெட்டி எங்கள் பக்கம் திருப்பிவிட்டார்கள். அவர்கள் தெரு வடிந்தது, எங்கள் வீடுகளில் கட்டில் உயரத்துக்கு ஏறியது. விடிந்ததும் கட்டையோடு போனவர்களைப் பெரியவர்கள் பிடித்து நிறுத்தினார்கள். வெட்டின இடத்தை மூடுவோம் என்று எங்கள் பக்கம் நிற்க, மூட விடமாட்டோம் என்று அவர்கள் நிற்க, போலீஸ் வந்துதான் கூட்டம் கலைந்தது.

தீர்த்து வைத்தது ஒரு டீக்கடைப் பேச்சு. மேல் தெருவில் கொத்தனார் ஒருவர் இருக்கிறார். "உங்க தெருவுலயும் வடியல, எங்க தெருவுலயும் வடியல. அப்ப அடைப்பு ரெண்டு பேருக்கும் கீழதான இருக்கணும்?" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு தெரு ஆட்களும் சேர்ந்து ஓடையோடு நடந்தார்கள். சின்னப் பாலத்தின் கம்பித் தடுப்பில் கழிவு நூல் ஒரு பாய் மாதிரி பின்னிக் கிடந்தது. அதில் பிளாஸ்டிக், தலையணை, வாழைமட்டை எல்லாம் சிக்கியிருந்தன. தண்ணீர் போக ஒரு சாண் இடம்கூட இல்லை. அத்தனை நாள் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டிருந்தோம், அந்தப் பாலத்தடியை யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

அந்த வாழைமட்டைக்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் பகுதியில் தறிக்கூடமும் பட்டறையும் அதிகம், ஆயுத பூஜை தடபுடலாக இருக்கும். வாழைக்கன்று, பூசணிக்காய், தோரணம் எல்லாம் மறுநாள் தெருவில் கிடக்கும். மழை வந்தால் நேரே ஓடைக்கு. வடகிழக்குப் பருவமழை பிடிப்பது கிட்டத்தட்ட அதே சமயம். இப்போது ஆயுத பூஜைக்கு மறுநாள் இரண்டு தெருவும் சேர்ந்து ஒரு டிராக்டர் வைத்து மட்டைகளை அள்ளிவிடுகிறோம். கழிவு நூலைத் தறிக்கூடக்காரர்கள் மூட்டை கட்டிக் கொடுத்துவிட வேண்டும், சாக்கடையில் போட்டால் பண்டிகைக் கணக்கில் அபராதம். பெரிய திட்டமெல்லாம் ஒன்றுமில்லை. ஆனால் எங்களுக்கு அதிகம் உதவியது எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

பண்டிகைக் கணக்கு என்றேனே, அதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். புதிதாக ஒரு குழு ஆரம்பிக்கலாம், பேர் வைக்கலாம், பேனர் அடிக்கலாம் என்று இளைஞர்கள் சொன்னார்கள். வேண்டாம் என்று சொன்னது என் மாமியார்தான். ஆடிப் பண்டிகைக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி வாங்கும் குழு ஏற்கெனவே இருக்கிறது. அவர்களிடம் மைக் செட் இருக்கிறது, அண்டா இருக்கிறது, கயிறு, தார்ப்பாய், பந்தல் கட்டும் மூங்கில் எல்லாம் இருக்கிறது. எந்த வீட்டில் எத்தனை பேர் என்ற நோட்டும் இருக்கிறது. வரி கொடுத்துப் பழகிய கை, அதையே கொஞ்சம் கூடக் கேட்டால் முணுமுணுத்துக்கொண்டாவது கொடுக்கும். பக்கத்துப் பள்ளிவாசலில் இதேபோல் தேக்சாவும் ஒலிபெருக்கியும் மாடியில் பெரிய கூடமும் உண்டு. இரண்டு பக்கமும் பேசி முடித்துக்கொண்டோம். எச்சரிக்கையை இரண்டு ஒலிபெருக்கியிலும் சொல்வது, தங்குவது பள்ளிவாசல் மாடியும் மாநகராட்சிப் பள்ளியும், சமையல் கோயில் திடலில். முதல் தடவை சாம்பார் சாதம் யார் கைப்பக்குவம், குஸ்கா யார் கைப்பக்குவம் என்பதில் நடந்த பேச்சு வெள்ளத்தை விடப் பெரிதாக இருந்தது. தட்டுவடை செட் போடும் அண்ணன் தன் தள்ளுவண்டி அடுப்பைக் கொண்டுவந்து டீக்கு மட்டும் வைத்துக்கொண்டார். ராத்திரி முழுக்க டீ கிடைத்ததே பாதித் தெம்பு.

எச்சரிக்கை விஷயத்துக்கு வருகிறேன். சேலத்தில் மழை பெரும்பாலும் சாயங்காலம் கருக்கட்டி ராத்திரியில் கொட்டும். தொலைக்காட்சியில் "சேலம் மாவட்டத்தில் கனமழை" என்றால் அது ஆத்தூரா, மேட்டூரா, எங்கள் தெருவா என்று தெரியாது. எங்களுக்கு முக்கியம் இரண்டுதான்: மலையில் எவ்வளவு பெய்கிறது, ஏரி கோடி போகிறதா, அதாவது நிறைந்து வழிகிறதா. எங்கள் பக்கத்திலிருந்து ஏற்காட்டுக் காபி எஸ்டேட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போன ஒரு பெண் இருக்கிறாள். மேலே ஒரு மணி நேரம் விடாமல் அடித்தால் அவள் குரல் பதிவு ஒன்று அனுப்பிவிடுவாள். அவள் சொன்ன பிறகு இங்கே சொட்டுத் தூறல்கூட இல்லாத நாளிலும் ஓடை ஏறியிருக்கிறது. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து உள்ளே வந்தபோது கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. ஏற்காட்டிலும் பேய்மழை, மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது. அந்த முறை பாவுகளை எல்லாம் முதல் நாள் பகலிலேயே தூக்கிக் கட்டிவிட்டோம் என்றால் அவளுடைய குரல் பதிவுதான் காரணம்.

ஏரிகளும் அப்படித்தான். ஒன்று நிறைந்து கோடி விழுந்தால் அடுத்ததற்குப் போகும். கன்னங்குறிச்சிப் புது ஏரி நிரம்பினால் மூக்கனேரிக்கு வரும். சங்கிலியில் ஒரு கண்ணி அடைபட்டால் தண்ணீர் தெருவைத் தேடும். மூக்கனேரி சாக்கடைக் குட்டையாகக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். 2010-ல் சேலம் மக்கள் குழு பொதுமக்களைச் சேர்த்துக்கொண்டு அந்த 58 ஏக்கர் ஏரியைத் தூர்வாரியது. அள்ளிய மண்ணை வெளியே கொண்டுபோகாமல் ஏரிக்குள்ளேயே திட்டுத் திட்டாகக் குவித்து மரம் வைத்தார்கள். இப்போது அங்கே பறவை பார்க்க ஆள் வருகிறது. ஏரி ஆழமானால் ஊருக்குள் வரும் தண்ணீர் அங்கேயே கொஞ்சம் தங்கிவிட்டு வரும். அந்த நேரம்தான் எங்களைப் போன்றவர்களுக்கு வேண்டும்.

மாடித் தண்ணீரையும் மறக்கக் கூடாது. ஆயிரம் சதுர அடி மாடியில் 10 சென்டிமீட்டர் மழை விழுந்தால் ஒன்பதாயிரம் லிட்டருக்கு மேல் இறங்கும், கிட்டத்தட்ட ஒரு டேங்கர் லாரி. மழைநீர் சேகரிப்பை 2003-ல் கட்டாயமாக்கியபோது எல்லோரும் குழாய் போட்டுத் தொட்டி வைத்தார்கள். பாதித் தொட்டிகள் மண் மூடிவிட்டன, குழாய் மட்டும் தெருவைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கிறது. மேட்டில் இருக்கும் மாடி வீட்டுக்காரர்கள் அந்தத் தொட்டியைத் தூர்வாரி ஜல்லி மாற்றினால் பள்ளத்து வீட்டுக்காரர்களுக்குப் பெரிய உபகாரம். இதைச் சொல்லித்தான் கேட்க வேண்டும், சட்டம் பேசினால் காரியம் நடக்காது. ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்டது மகளிர் குழுப் பெண்கள். "அக்கா, உங்க மாடித் தண்ணி எங்க தறிக்குழியிலதான் வந்து நிக்குது, வந்து பாருங்க" என்று கையோடு கூட்டிவந்து காட்டினார்கள். வந்து பார்த்தவர்கள் பெரும்பாலும் செய்துவிட்டார்கள்.

சின்னப் பாலத்தின் தூணில் மூன்று கோடு போட்டிருக்கிறோம். வெள்ளைக் கோட்டைத் தொட்டால் ஒலிபெருக்கியில் அறிவிப்பு: சாமான்களை மேலே ஏற்றுங்கள், கழிவறைப் பேசினை அடைத்துவிடுங்கள். மஞ்சளைத் தொட்டால் முதியவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைக்காரர்கள் கிளம்ப வேண்டும், பாவு தூக்கும் ஆட்கள் தறி வீடுகளுக்குப் போக வேண்டும். சிவப்பைத் தொட்டால் மெயினை அணைத்துவிட்டு எல்லோரும் வெளியே. கோடு எந்த உயரத்தில் என்பதை எந்தப் பொறியாளரும் சொல்லவில்லை. பழைய வெள்ளங்களில் தண்ணீர் எதுவரை நின்றது என்று சுவரில் கறை இருக்கும் அல்லவா, அதை வைத்துப் பெரியவர்கள் சொன்னதுதான். இருட்டும்போது தண்ணீர் வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் நடுவில் இருந்தால் மஞ்சளாகவே எடுத்துக்கொள்வது என்பது பிறகு சேர்த்த விதி. ராத்திரியில் எண்பது வயது ஆயாவைத் தூக்கிக்கொண்டு சேற்றில் இறங்குவது யாருக்கும் நல்லதில்லை.

பாவு தூக்கும் ஆட்கள் என்றேன். ஒரு பாவைச் சுருட்டி, பிளாஸ்டிக் சுற்றி, விட்டத்தில் கயிறு போட்டுத் தூக்கிக் கட்ட நாலு பேராவது வேண்டும். ஒரு வீட்டில் அத்தனை ஆள் இருக்காது. அதனால் தறி வீடுகளை வரிசைப்படுத்தி, பள்ளத்தில் இருப்பது முதலில் என்று வைத்திருக்கிறோம். தறி இல்லாத வீட்டுப் பையன்களும் இதில் வருகிறார்கள். பதிலுக்கு, தறிக்காரர்கள் அவர்கள் வீட்டு பிரிட்ஜையும் தையல் மிஷினையும் தூக்கப் போவார்கள்.

முகாமுக்கு வர மறுப்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். பிடிவாதம் என்று திட்டுவதற்கு முன் காரணம் கேட்க வேண்டும். பெண்கள் சொன்னது: அங்கே கழிவறைக்குத் தாழ்ப்பாள் இல்லை, உடை மாற்ற மறைவில்லை. ஒரு தாழ்ப்பாளும் இரண்டு பழைய சேலைத் திரையும் நாப்கின் பாக்கெட்டும் வைத்த பிறகு வந்தார்கள். என் மாமியார் சொன்ன காரணம் ஆடு. இப்போது ஆட்டுக்கும் பள்ளிக்கூட மதிலோரம் இடம் உண்டு.

சில விஷயங்களை அனுபவப்பட்டவர்கள் வாயால் கேட்டது அப்படியே சொல்கிறேன். மணல் மூட்டையை முட்ட நிரப்பினால் உருண்டையாக நிற்கும், இடுக்கில் தண்ணீர் வரும். பாதிக்குக் கொஞ்சம் மேலே நிரப்பி, செங்கல் அடுக்குவதுபோல் இணைப்பு மாறி மாறி வைத்து மிதித்துவிட்டால் படிந்து உட்காரும். தண்ணீர் வரும் பக்கம் தார்ப்பாய் மடித்து வைக்கலாம். கழிவறைப் பேசினுக்குள் பிளாஸ்டிக் பையில் மணல் கட்டித் திணித்து மேலே கல் வைத்துவிடுங்கள். காலி கேஸ் சிலிண்டர் மிதக்கும், ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு ஜன்னல் கம்பியில் கட்டுங்கள். பிளக் பாயிண்டுகளை இடுப்பு உயரத்துக்கு மாற்றிக்கொள்வது தாழ்வான வீடுகளுக்கு நல்ல செலவு. மின்கம்பத்தையும் அதன் இழுவைக் கம்பியையும் தொடவே கூடாது. தண்ணீரில் நின்ற பைக்கை உடனே கிக்கர் உதைத்துப் பார்க்காதீர்கள், எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருந்தால் செலவு இரட்டிப்பாகும். பத்திரம், ரேஷன் கார்டு, ஆதார், பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாம் மழைக்காலம் பிடிக்கும் முன்பே ஒரே பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பரணுக்குப் போய்விட வேண்டும். என் வியாபாரத்துக்கு நஷ்டம்தான், இருந்தாலும் சொல்கிறேன்.

எல்லாவற்றையும் விட ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வோம்: தண்ணீர் வடியட்டும் என்று பாதாளச் சாக்கடை மூடியைத் திறக்காதீர்கள். சேற்றுத்தண்ணீருக்குள் திறந்திருக்கும் குழி கண்ணுக்குத் தெரியாது. ஏற்கெனவே திறந்து கிடந்தால் மூங்கிலில் சிவப்புத் துணி கட்டி நட்டு, பக்கத்தில் ஒரு ஆள் நிற்க வேண்டும். தெருவில் நடந்தே ஆக வேண்டுமென்றால் கையில் கம்பு, முன்னால் குத்திப் பார்த்து அடி எடுத்து வையுங்கள். ஆபத்து என்றால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, ஆம்புலன்சுக்கு 108. இவற்றைப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறோம்.

வடிந்த பிறகுதான் வேலையே. சேறு காயும் முன் தள்ளிவிட வேண்டும், காய்ந்தால் கொத்தித்தான் எடுக்க வேண்டும். வெறுங்காலோடு இறங்கக் கூடாது, காலில் புண் இருப்பவர்கள் இறங்கவே வேண்டாம், எலிக்காய்ச்சல் அப்படித்தான் பிடிக்கிறது. செருப்பு, மடித்த பாய், விறகுக் குவியல் எதையும் கம்பால் தட்டிவிட்டுத் தொடுங்கள், விரியன் பதுங்கியிருக்கும். தொட்டித் தண்ணீரை வெளியேற்றிக் கழுவி பிளீச்சிங் போடும் வரை காய்ச்சிய தண்ணீர்தான். கொசு முட்டை விட்டுப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால் வாரா வாரம் வெள்ளிக்கிழமை பிள்ளைகள் தெருவில் இறங்கிச் சிரட்டை, டயர், உடைந்த வாளி எல்லாவற்றையும் கவிழ்ப்பார்கள். கழுவும் முன் தண்ணீர் நின்ற உயரத்தை நிவாரணம் கேட்பதற்காகப் படம் எடுத்து வைப்பதும் இதில் சேர்த்தி.

சரி, எல்லாம் நன்றாக நடக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். வாசலுக்கு முன்னால் போட்ட சாய்தளங்களைப் பாதிப் பேர்தான் வெட்டிவிட்டுக் கழற்றி மாட்டும் பலகை வைத்திருக்கிறார்கள். மீதிப் பேர் "முதல்ல அவங்க வெட்டட்டும்" என்கிறார்கள். பாலத்தை அகலப்படுத்தக் கேட்டு எழுதிய மனுவின் நகல்கள் என் கடையில் ஒரு கட்டு இருக்கின்றன.

இன்னொன்று எங்களுடையது. தலைக்கட்டு நோட்டில் இருப்பது சொந்த வீட்டுக்காரர்கள் பெயர். வாடகைக்கு இருப்பவர்கள் வரி கொடுப்பதில்லை என்பதால் நோட்டில் இல்லை. அவர்களில் பலர் வெள்ளிப் பட்டறைக்கும் தறிக்கும் வந்த வடமாநிலப் பிள்ளைகள், ஒரே அறையில் ஆறேழு பேர். ஒலிபெருக்கியில் சொன்னது தமிழில், அவர்களுக்குப் புரியவில்லை. போன மழையில் கடைசியாகத் தண்ணீரில் இறங்கி வந்தது அவர்கள்தான். இப்போது பள்ளிவாசல் பையன் ஒருவன் இந்தியிலும் அறிவிப்பு சொல்கிறான். நோட்டில் பெயர் ஏற்றுவதற்குத்தான் இன்னும் இழுபறி. வரி இல்லாமல் எப்படி ஏற்றுவது என்கிறார் கணக்குப் பிள்ளை. ஓடைக்கரையில் ஒட்டினாற்போல் இருக்கும் நாலு வீட்டுக்காரர்கள் இடம் மாறுவதா வேண்டாமா என்பதும் அப்படியே நிற்கிறது. மாற்றிடமாகக் கொடுப்பதாகச் சொல்லும் இடம் ஊருக்கு வெளியே வெகு தூரம், அங்கிருந்து தறி வேலைக்கு எப்படி வருவது என்று அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. இரண்டையும் ஆடிப் பண்டிகைக் கணக்கு முடிக்கும் கூட்டத்தில் எடுப்பதாக எழுதி வைத்திருக்கிறோம். வாடகைக்காரர்கள் சார்பில் ஒருவரும் வர வேண்டும் என்று மகளிர் குழு கேட்டிருக்கிறது.